புதுமைப் பெயர் பெருமையே!

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். ராயபுரத்து மக்களுக்கு ரெண்டு வணக்கம். கைதட்டப் போவது நீங்கள்தானே!

பிள்ளைக்குப் புதுமையான பெயர் வைப்பது பெருமையா, பாரமா? பாரம் என்று பேசிய எதிரணி அண்ணன், போகிற போக்கில் ஒரு குத்து விட்டுப் போனார். "காசிமேட்டில் நின்று ஸ்டாலின் என்று கூப்பிட்டால் பத்து பேர் திரும்புவான். இதுவா புதுமை?" நீங்களும் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, 1953 மார்ச் 1-ல் கலைஞர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. மார்ச் 5-ல் ரஷ்யாவில் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்திலேயே மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார் கலைஞர். அன்றைக்கு அது புதுசா, இல்லையா? முதலில் ஒருவர் துணிந்ததால்தானே இன்றைக்குப் பத்து பேர் திரும்புகிறான்! அதுவும் சும்மா கூப்பிட்டால்தான். "ஸ்டாலின், வாங்கின கடனைக் கொடு" என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஒருத்தனும் திரும்ப மாட்டான்.

வியாசர்பாடிக் கதை ஒன்று. அங்கே பந்து உதைக்காத பையன் உண்டா? 1986-ல் அர்ஜென்டினா உலகக் கோப்பை ஜெயித்த நேரம், எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஆண் குழந்தை. டீம் பசங்க கூடித் தீர்மானம் போட்டார்கள்: மாரடோனா! பெற்றவளைக் கேட்டார்களா என்பது வேறு பட்டிமன்றம். ஆயாவிடம் யார் சொல்வது? ஆயா மீன் கூடையை இறக்கி வைத்தால் தெருவே அடங்கும். அண்ணன் பம்மிப் பம்மிப் போய்ச் சொன்னார்.

"இன்னாடா?"

"மாரடோனாம்மா."

"இன்னொரு தபா சொல்லு."

"மா... ர... டோனா."

ஆயா கண்ணை மூடினாள். வாசலில் டீமே மூச்சைப் பிடித்து நிற்கிறது. பெனால்டிக்கு நிற்கிற கோல்கீப்பர் கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான். திடீரென்று ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாரியாத்தா பேர்ல ஆரம்பிக்குது. மீதிய நீங்க இன்னா வேணா வச்சுக்கோங்கடா!"

அப்புறம் என்ன? ஆயாவுக்கு மாரி, டீமுக்கு டோனா, பள்ளிக்கூடப் பதிவேட்டில் மாரிடோனி! கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், நடுவர் கண்டுகொள்ள வேண்டாம். ஆடி மாசம் கூழ் ஊற்றினாலும் அவன் பேர்தான், கோல் விழுந்தாலும் அவன் பேர்தான். பாரமாம், பாரம்!

பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைக் காசில்லாமல் பதியலாம் என்று சட்டமே பொறுமையாக இருக்கிறது. நம் சொந்தக்காரர்களுக்குத்தான் தொட்டில் ஆட்டம் நிற்கும்வரை பொறுக்காது. "இது என்ன பேரு, மருந்துப் பேரு மாதிரி!"

காசிமேட்டுக்கு வாங்க அண்ணே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. வருமானம் இல்லை. வட்டிக்கு வாங்கிப் படகைச் சீர் பண்ணுகிறான் ஒருத்தன். அந்தக் கடனிலும் படகு முகப்பில் மகள் பெயருக்குப் புது பெயின்ட் அடிக்கிறான். தெருவில் யாருக்கும் இல்லாத பெயர், அவனே யோசித்து வைத்தது. கரை தெரியாத தூரத்தில், காற்று மாறுகிற ராத்திரியில், அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் வலை இழுக்கிறான். அவனிடம் போய், "வாயில நுழையல, பேரை மாத்து" என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

மைக்கை அண்ணனிடமே கொடுக்கிறேன், பதில் சொல்லட்டும். வணக்கம்.