நெட்வொர்க்கைத் தாங்குவது நிலையங்களே! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நெட்வொர்க்கைத் தாங்கி நிற்பது நிகழ்ச்சிகளா, நிலையங்களா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், ஃபாக்ஸ் நெட்வொர்க்கைத் தூக்கி நிறுத்தியது 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடர்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்தார். அந்தத் தொடர் எனக்கும் உயிர், அதில் சண்டை இல்லை. ஆனால் அது எந்த டவரிலிருந்து கிளம்பி வீட்டுக்குள் வந்தது என்று அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே!

அங்கே நெட்வொர்க் நிகழ்ச்சிகளைத் திரட்டி அனுப்பும். ஊருக்கு ஊர் அதை ஒளிபரப்புவது உள்ளூர் நிலையம். சில நிலையங்கள் நெட்வொர்க்குக்கே சொந்தம், மற்றவை வேறு முதலாளிகளுடையவை, ஒப்பந்தம் போட்டு இணைந்தவை, ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த நெட்வொர்க்குக்குப் போய்விடலாம். அதாவது ஒரு ஊரில் நிலையம் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல நிகழ்ச்சி வைத்திருந்தாலும் அந்த ஊருக்கு நீங்கள் இல்லை.

இதற்குச் சாட்சி டூமாண்ட். 1946-ல் தொடங்கிய நெட்வொர்க். நிகழ்ச்சி இல்லாமலா செத்தது? ஜாக்கி கிளீசன் என்ற நகைச்சுவை நடிகர் 'ஹனிமூனர்ஸ்' குறுநாடகங்களை முதலில் நடித்துக் காட்டியது 1951-ல் டூமாண்ட்டில்தான். பிஷப் ஃபுல்டன் ஷீன், அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரமான மில்டன் பெர்லின் நிகழ்ச்சி ஓடும் அதே செவ்வாய் இரவில், ஒரு கரும்பலகையை வைத்துக்கொண்டு பேசியே கூட்டம் சேர்த்து எம்மி என்ற தொலைக்காட்சி விருதும் வாங்கினார். அப்புறம் என்ன ஆயிற்று? கிளீசன் 1952-ல் சி.பி.எஸ். என்ற போட்டி நெட்வொர்க்குக்குப் போனார், ஷீன் 1955-ல் ஏ.பி.சி. என்ற இன்னொரு நெட்வொர்க்குக்குப் போனார். அதிகக் காசும் அதிக நிலையங்களும் இருக்கிற பக்கம் நிகழ்ச்சி போய்விடும் நடுவர் அவர்களே, அது இயல்பு.

டூமாண்ட்டுக்கு ஏன் நிலையம் கிடைக்கவில்லை? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் என் கட்சியே இதில்தான் நிற்கிறது. 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு அனுமதி தருவதையே எஃப்.சி.சி. என்ற அரசு ஆணையம் நிறுத்தி வைத்தது. பிறகு கதவைத் திறந்தபோது, பல ஊர்களுக்கு 2 முதல் 13 வரையிலான வி.எச்.எஃப். சேனல்களில் இரண்டோ மூன்றோதான் கிடைத்தன. வானொலிக் காலத்திலிருந்தே நிலையங்களோடு உறவு வைத்திருந்த என்.பி.சி., சி.பி.எஸ். ஆகிய நெட்வொர்க்குகள் அவற்றைப் பிடித்துக்கொண்டன. மிச்சம் இருந்தது 14 முதல் தொடங்கும் யு.எச்.எஃப். என்ற பலவீனமான அலைவரிசை, அன்றைக்கு வீடுகளில் இருந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது தெரியவே தெரியாது, தனியாக ஒரு கருவி வாங்கி மாட்ட வேண்டும். எல்லாப் பெட்டியும் யு.எச்.எஃப். எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1962-ல். டூமாண்ட் 1956-லேயே மூடியாகிவிட்டது. நல்ல நிகழ்ச்சி காப்பாற்றும் என்றால் டூமாண்ட் ஏன் சாக வேண்டும்?

சரி, ஃபாக்ஸுக்கு வருவோம். டூமாண்ட் மடிந்தாலும் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் இருந்த அதன் 5-ஆம் சேனல்கள் மடியவில்லை, அவை மெட்ரோமீடியா என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஆஸ்திரேலியப் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் 1986-ல் ஃபாக்ஸ் நெட்வொர்க்கைத் தொடங்கும் முன் செய்த வேலை, மெட்ரோமீடியாவின் ஆறு நிலையங்களை வாங்கியது. வெளிநாட்டுக்காரர் நிலையம் வைத்துக்கொள்ளச் சட்டம் தடையாக இருந்ததால் 1985-ல் அமெரிக்கக் குடிமகனாகவே மாறினார். ஒரு மனிதர் எதற்காகக் குடியுரிமையையே மாற்றிக்கொண்டார் என்று பாருங்கள். சிம்ப்சன்ஸ் தனித் தொடராக வந்தது 1989 டிசம்பரில்!

எதிரணியில் அடுத்துப் பேசுபவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 1993 டிசம்பரில் ஃபாக்ஸ், என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஒளிபரப்பு உரிமையை சி.பி.எஸ்.ஸிடமிருந்து நான்கு ஆண்டுகளுக்கு 158 கோடி டாலருக்குப் பிடித்ததே, அதுவும் நிகழ்ச்சிதானே என்பார். நியாயமான கேள்வி. அந்தக் கால்பந்தைக் காட்டித்தான் ஃபாக்ஸ் நிலையங்களை இழுத்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பணம் கொட்டிய மர்டாக் அத்தோடு நிம்மதியாக இருந்தாரா? ஐந்தே மாதத்தில், 1994 மே மாதம், நிலையங்களை வைத்திருந்த நியூ வேர்ல்ட் நிறுவனத்தில் மேலும் 50 கோடி டாலர் போட்டு, 12 நிலையங்களை ஃபாக்ஸ் பக்கம் திருப்பினார். அவரிடம் இருந்த இணைப்பு நிலையங்களில் பெரும்பாலானவை யு.எச்.எஃப்., அவற்றை மட்டும் நம்பிக் கால்பந்தை ஓட்ட முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அந்த நிலையங்களில் பல அதுவரை சி.பி.எஸ்.ஸுடன் இணைந்திருந்தவை. டெட்ராய்ட்டில் 2-ஆம் சேனலை இழந்த சி.பி.எஸ்., வேறு யாரும் சேர வராமல் 62-ஆம் சேனலை விலைக்கு வாங்கி உட்கார்ந்தது. அட்லாண்டாவில் 46-ஆம் சேனலுடனும், மில்வாக்கியில் 58-ஆம் சேனலுடனும் இணைய வேண்டி வந்தது. 1993-94 பருவத்தில் பார்வையாளர் கணக்கில் முதலிடத்தில் இருந்த சி.பி.எஸ். அடுத்த பருவத்தில் மூன்றாம் இடம். கால்பந்து போனதும் ஒரு காரணம், புதிய தொடர்கள் சரியாகப் போகாததும் ஒரு காரணம், மறைக்க மாட்டேன். ஆனால் '60 மினிட்ஸ்' என்ற செய்தி நிகழ்ச்சி போகவில்லையே, இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சி நடத்திய டேவிட் லெட்டர்மேன் போகவில்லையே, அவர்கள் அதே நெட்வொர்க்கில்தானே இருந்தார்கள்? டெட்ராய்ட்டில் அவர்களைப் பார்க்க 2-லிருந்து 62-க்குப் போக வேண்டியிருந்தது.

அடுத்து வரும் எதிரணி நண்பர் சிம்ப்சன்ஸைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், நானும் ரசித்துக் கேட்பேன். அதற்கு முன்னால் டூமாண்ட்டுக்கும் டெட்ராய்ட்டுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும் என்று நடுவரைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.