அறிக்கை கொடுத்தால் கடமை முடிந்ததா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மார்கழிக் குளிரில் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இந்த நேரம் வரைக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“புவி அறிவியலாளரின் கடமை ஆய்வறிக்கையோடு முடிகிறதா, மக்களைப் போய்ச் சேரும் வரை தொடர்கிறதா?” இதுதான் தலைப்பு. தொடர்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா ஒரு நல்ல உவமை சொன்னார். “விஞ்ஞானி தபால்காரர் மாதிரி. கடிதத்தைக் கொடுப்பது அவர் வேலை. பிரிப்பதும் படிப்பதும் வீட்டுக்காரர் பாடு.” கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, சாதாரணக் கடிதத்தைத் திண்ணையில் வீசிவிட்டுப் போகிற அதே தபால்காரர், பதிவுத் தபால் வந்தால் என்ன செய்கிறார்? கதவைத் தட்டுகிறார். ஆளைப் பார்க்கிறார். கையெழுத்து வாங்காமல் நகர மாட்டார். வீடு பூட்டியிருந்தால் மறுநாளும் வருகிறார். “உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலை நகர்கிறது” என்கிற சேதியை எந்தத் தபாலில் சேர்ப்பீர்கள்?

நான் பெரிய விஞ்ஞானி இல்லை. நிலவியல் படித்துவிட்டு போர்வெல் போட இடம் பார்த்துக் கொடுக்கிறவன். நாலு கம்பியைத் தரையில் அடித்து, மின்சாரம் விட்டு, நிலத்தின் மின்தடையை அளந்து, கீழே ஈரமான வெடிப்புப் பாறையா கெட்டிப் பாறையா என்று சொல்கிற வேலை. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறவர்தான் எங்களுக்குப் போட்டி. அவருக்குக் கட்டணம் குறைவு, தைரியம் அதிகம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விவசாயி கூப்பிட்டார். ரெண்டு ஏக்கர் தென்னை, பாதி மரம் காய்ந்து நின்றது. அளந்தேன். கீழே முழுக்கக் கெட்டிப் பாறை. நாலு பக்கம் அறிக்கை, ஆங்கிலத்தில், வரைபடத்தோடு. நீர் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதைக் கடைசிப் பக்கத்தில் எங்கள் துறை பாஷையில் எழுதிக் கொடுத்தேன். அவர் பயபக்தியோடு வாங்கி, வரைபடத்தில் கோடு மேலே ஏறுகிற இடத்தில் விரலை வைத்து, “இங்கதானுங்க தண்ணி மேல வருது?” என்று கேட்டார். கோடு அப்படி ஏறினால் பாறை கெட்டிப்படுகிறது என்று அர்த்தம். எனக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். “எல்லாம் அதுலயே எழுதியிருக்குங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

நான் போன பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்திருக்கிறது. தொள்ளாயிரம் அடி. கடைசி வரைக்கும் வெள்ளைப் புழுதி. அடிக்கு இவ்வளவு, கேசிங் பைப்புக்குத் தனி. வீட்டம்மா கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போனது. என் அறிக்கை மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. அதில் ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது. எதிரணி அகராதிப்படி நான் என் கடமையை முடித்துவிட்டேன்.

சரி, என் கதை ஒரு குழியோடு போனது. இத்தாலியில் ஒரு ஊரே போனது.

ஆல்ப்ஸ் மலையில் வயோந்த் என்று ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. அதில் 261 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டினார்கள். நம் மேட்டூர் அணை 65 மீட்டர். நாலு மேட்டூரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரம். வடிவமைத்த பொறியாளர் கார்லோ செமென்சா. நீர்த்தேக்கத்தின் இடது கரையில் தோக் என்று ஒரு மலை. உள்ளூர்க்காரர்கள் அதை “நடக்கிற மலை” என்பார்கள். அந்த மலையை ஆராய ஓர் இளம் நிலவியலாளர் வந்தார். பெயர் எடோர்தோ செமென்சா. ஆமாம், பொறியாளரின் மகனேதான்.

மகன் மலையேறி இறங்கிப் பார்த்துவிட்டு, அந்தச் சரிவே பழைய நிலச்சரிவுதான் என்று கண்டார். எப்போதோ ஒரு காலத்தில் பெயர்ந்து வந்து உட்கார்ந்த பாறைத் திரள். நீர்த்தேக்கம் நிரம்பினால் மறுபடி நகரலாம். 1960-ல் அறிக்கை கொடுத்தார். நம் வீட்டில் அப்பா வாங்கி வந்த மிக்ஸி சரியில்லை என்று சொல்லவே நமக்கு ரெண்டு நாள் ஆகும். இவர் அப்பா கட்டிய உலகின் மிக உயரமான அணைகளில் ஒன்றைப் பற்றி எழுதிக் கொடுத்தார். அந்தத் தைரியத்தைக் குறைத்துப் பேச மாட்டேன்.

அதே ஆண்டு நவம்பரில் மலையில் ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டருக்கு வெடிப்பு விழுந்தது. அதற்கும் நிபுணர்கள் கூடினார்கள். ஜல்லியைக் கொட்டி நீர்த்தேக்கத்தின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து சோதித்துப் பார்த்துவிட்டு, நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டர் வரைக்கும் பயமில்லை என்றார்கள். அப்புறம் தண்ணீர் ஏறும்போதெல்லாம் மலை நகர்ந்தது, இறக்கினால் நின்றது. அளந்து அளந்து எழுதினார்கள். 1963 அக்டோபரில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் நகர்கிற நிலைக்கு வந்துவிட்டது. அதையும் எழுதினார்கள்.

அக்டோபர் 9, இரவு 10:39. சுமார் 26 கோடி கன மீட்டர் மலை மொத்தமாக ஏரிக்குள் இறங்கியது. தண்ணீர் அணையைத் தாண்டி எழும்பி, கீழே பள்ளத்தில் இருந்த லோங்கரோனே ஊரின்மேல் விழுந்தது. எல்லார் வீட்டிலும் டிவி இல்லாத காலம். ரியல் மாட்ரிட் கால்பந்து ஆட்டம் பார்க்கப் பலர் கடைகளில் கூடியிருந்த இரவு. மலைச்சரிவில் குடியிருந்தவர்களை வெளியேறச் சொல்லி முந்தின நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அணைக்குக் கீழே இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லை. 1,900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அணை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, பின்னால் தண்ணீர் இல்லாமல்.

ஊருக்குக் கேட்கிற மாதிரி ஒருவர் சொல்லத்தான் செய்தார். டீனா மெர்லின் என்ற பத்திரிகையாளர். கிராமத்துக்காரர்கள் பயப்படுவதைக் கேட்டு 1959-லேயே எழுதினார். பொய்ச் செய்தி பரப்பிப் பொது அமைதியைக் குலைக்கிறார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1960-ல் விடுதலையானார். எதிரணியைக் கேட்கிறேன்: மலையைப் படித்தவர்களின் காகிதங்கள் அலுவலக அலமாரியில். மலையைப் படிக்காத ஒரு பெண் கோர்ட் கூண்டில். புவி அறிவியலாளரின் வேலையை இதில் யார் பார்த்தது?

கொலம்பியாவில் ஆர்மேரோ நகரம் இதே வகை. நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை பொங்கினால் சேறு எந்த வழியாக வரும் என்று வரைபடம் போட்டு 1985 அக்டோபரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். நவம்பர் 13 இரவு சேறு வந்தது. அந்த ஊரில் மட்டும் 20,000-க்கும் மேல் பலி. வரைபடம் சரியாகத்தான் இருந்தது.

ரெண்டாவதாகப் பேசிய தங்கை ஒரு வழக்கைச் சொல்லி எங்களைப் பயமுறுத்தினார். “லாக்விலாவில் நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று விஞ்ஞானிகளுக்கு ஆறு வருடம் ஜெயில் போட்டார்கள். மக்களிடம் போனால் இதுதான் கதி” என்றார். தங்கை பாதியைத்தான் சொன்னார்.

மத்திய இத்தாலியில் இருக்கிறது லாக்விலா. 2009-ல் அங்கே பல மாதமாகச் சின்னச் சின்ன அதிர்வுகள். நிலத்திலிருந்து கசிகிற ரேடான் வாயுவை அளந்து பூகம்பம் வருகிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், ஊரே கலங்கியிருந்தது. மார்ச் 31-ல் நிபுணர் குழு கூடியது. அறைக்குள் விஞ்ஞானிகள் பேசியது முறையான பேச்சுத்தான்: கணித்துச் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்துக்கு முன்பே குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் டிவிக்குப் பேட்டி கொடுத்துவிட்டார். சின்ன அதிர்வுகளால் சக்தி வெளியேறிக்கொண்டிருக்கிறது, அதனால் ஆபத்தில்லை என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களாம். அப்படியானால் ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று நிருபர் கேட்க, அவர் ஆமாம் என்று சொல்லி எந்த ஒயின் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியே போய்ப் படுப்பது அந்த ஊர்ப் பெரியவர்களின் பழக்கம். ஏப்ரல் 5 இரவு ரெண்டு அதிர்வு வந்தது. ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்களே என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம் என்று பிழைத்தவர்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். விடியற்காலை 3:32-க்குப் பெரிய நிலநடுக்கம். 309 பேர்.

2012-ல் ஏழு பேருக்குத் தண்டனை. 2014-ல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேர் விடுதலை. பேட்டி கொடுத்த அதிகாரிக்கு மட்டும் ரெண்டு வருடமாகக் குறைந்தது. முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதல்ல வழக்கு. பொய்யான நிம்மதி கொடுத்தார்கள் என்பதுதான். விஞ்ஞானிகளை ஜெயிலில் போட்டால் அடுத்த முறை யாரும் வாயே திறக்க மாட்டார்கள், அதனால் விடுதலை சரி என்பதே என் கட்சியும். ஆனால் மார்ச் 31-க்கும் ஏப்ரல் 6-க்கும் நடுவில் ஆறு நாள் இருந்தது. தங்கள் பெயரைச் சொல்லி ஒரு தப்பான சேதி ஊரைச் சுற்றியதே, “நாங்கள் அப்படிச் சொல்லவில்லை” என்று ஒரு மைக் முன்னால் நின்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் “எல்லாம் அதுலயே எழுதியிருக்குங்க” என்று சொன்ன நேரம்கூட ஆகாது.

இத்தாலி, கொலம்பியா என்று தூரத்திலேயே சுற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை 6:29-க்குச் சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. நடுவில் ரெண்டரை மணி நேரம். ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குக் கால் மணியில் பெரிய நிலநடுக்கம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் கிடையாது. சேதியை வாங்கி நாகப்பட்டினத்துக்குக் கடத்த வழி இல்லை. அன்றைக்கு வேலையில் இருந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அறிவு ஓரிடத்தில், கடற்கரை ஓரிடத்தில் என்று பல வருடம் விட்டுவைத்திருந்தோம். ஹைதராபாத்தில் நமக்கென்று மையம் வந்தது 2007-ல்.

இப்போது எதிரணியின் உருப்படியான வாதத்துக்கு வருகிறேன், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1976-ல் கரீபியன் கடலில் இருக்கிற குவாதலூப் தீவில் எரிமலை வெடிக்கும் என்று 70,000-க்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்தார்கள். பெரிதாக வெடிக்கவே இல்லை. பயமுறுத்தியது போதாதென்று விஞ்ஞானிகள் பத்திரிகையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். உண்மை. மறுக்க மாட்டேன். மக்களிடம் போவது என்றால் பயமுறுத்துவது என்று அர்த்தமில்லை. எப்படிப் போவது என்பதற்குப் பினடூபோ இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் 1991. அந்த மலை பொங்கி ஏறக்குறைய ஐந்நூறு வருடம். அது எரிமலை என்பதே சுற்றியிருந்த பலருக்குத் தெரியாது. எரிமலை ஆய்வு நிறுவனத் தலைவர் ரேமுண்டோ புனோங்பயானும் அமெரிக்க நிலவியல் துறையினரும் என்ன செய்தார்கள்? ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு எச்சரிக்கை. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அதிகாரியிலிருந்து ஊர்மக்கள் வரை விளக்கம். அப்புறம் ஒரு வீடியோ. எரிமலைச் சேறும் தீ மேகமும் எப்படி வரும் என்று, ஆர்மேரோ அழிந்ததற்குப் பிறகு, மோரிஸ், காத்யா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதி எடுத்தது. அறிக்கையை நம்பாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டினார்கள். ஜூன் 15-ல் மலை வெடித்தது. குறைந்தது 5,000 உயிர் தப்பியது என்று பின்னால் கணக்கிட்டார்கள். ஈரச் சாம்பல் கனத்தில் கூரை இடிந்து செத்தவர்களும் நூற்றுக்கணக்கில் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். தங்கள் படம் என்ன செய்தது என்று பார்க்க கிராஃப்ட் தம்பதி இல்லை. பன்னிரண்டு நாள் முன்னால், ஜூன் 3-ல், ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள்.

“கல்லைப் பார்க்கிறவன் கல்லை மட்டும் பார்க்கட்டும்” என்றும் ஒரு குரல் வந்தது. கிளேர் பேட்டர்சன் அப்படி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956-ல் கணக்குப் போட்ட அமெரிக்க வேதியியலாளர். அதற்காக விண்கல்லில் இருக்கிற ஈயத்தை அளந்தபோது எங்கே தொட்டாலும் கூடுதல் ஈயம் ஒட்டிக்கொண்டு வந்தது. காரணத்தைத் தேடிக்கொண்டு போனால் ஈயம் கலந்த பெட்ரோல். பேசினார். எண்ணெய்த் தொழில் கொடுத்துவந்த ஆராய்ச்சிப் பணம் நின்றது. காற்றில் ஈயம் பற்றிய 1971 அமெரிக்க தேசியக் குழுவில், அந்தத் துறையில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லாத நிலையிலும், இடம் கொடுக்கவில்லை. அவர் விடவில்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. பங்க்கில் “அன்லெடட்” என்று எழுதியிருக்கிறதே, அதற்குப் பின்னால் விண்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷர் இருக்கிறார்.

நடுவர் ஐயா மணிமேல் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம்.

அந்தத் தென்னந்தோப்பு விஷயத்துக்குப் பிறகு நான் அறிக்கையின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதுகிறேன்: “இங்கே போர் போட வேண்டாம்.” வாய்விட்டும் படித்துக் காட்டுகிறேன். கீழே கையெழுத்து வாங்குகிறேன். போன மாதம் ஒருவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “சரிங்க சார். அப்ப பத்தடி தள்ளிப் போடலாமுங்களா?”

அன்றைக்கு அடுத்த ஊருக்குப் போகவில்லை. கம்பிகளை மறுபடி அடித்து அளந்து, இந்தக் கோடு ஏன் மேலே ஏறுகிறது என்று மண்ணில் குச்சியால் கிழித்துக் காட்டி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. வணக்கம்.