நன்கொடை கொடுத்தோம், கணக்குக் கேட்டோமா?

வணக்கம் நேயர்களே. லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அதனால்தானோ என்னவோ, எனக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லி நம்மிடம் நன்கொடை வாங்கும் அமைப்புகள், அந்தப் பணத்தை என்ன செய்கின்றன?

கிரீன் கார்டு, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வரிசையில் நிற்பவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. தேர்தல் வேட்பாளருக்கு ஒரு டாலர் கொடுக்கவும் சட்டம் விடாது. ஆனால் சட்டத்தை மாற்றப் பாடுபடும் அமைப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதனால் இந்தப் பணத்தோடு நிறைய நம்பிக்கையும் கொஞ்சம் கோபமும் சேர்ந்தே வருகிறது.

2019 ஜூலையில் அந்த 7 சதவீத வரம்பை நீக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் அதன் இன்னொரு அவையான செனட் தன் பங்குக்கு வேறு ஒரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது, மசோதாவும் போனது. உடனே வாட்ஸ்அப் குழுக்களில், 'நம்ம காசை ஏப்பம் விட்டுட்டாங்க' என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கோபம் புரிகிறது. ஆனால் மசோதா தோற்றதை வைத்துப் பணம் வீணானது என்று முடிவு கட்ட முடியாது. செனட்டில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தாலே ஒருமனதாக நிறைவேற்றும் வழி அடைபட்டுவிடும். அதற்கு எந்த அமைப்பும் உத்தரவாதம் தர முடியாது. மறுபக்கமும் உண்டு. சட்டம் நிறைவேறிவிட்டது என்பதற்காக ஓர் அமைப்பின் கணக்கு சுத்தமாகிவிடாது. பணம் எங்கே போனது என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனியாகவே பதில் தேட வேண்டும்.

தேடும் இடம் 990 படிவம். வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் ஐஆர்எஸ்ஸுக்கு, அதாவது அமெரிக்க வரித் துறைக்கு, தாக்கல் செய்யும் கணக்கு அது. வரவு 2 லட்சம் டாலரையோ சொத்து 5 லட்சத்தையோ எட்டினால் முழுப் படிவம். அதற்குக் கீழே சுருக்கப் படிவம். வழக்கமான வரவு 50,000 டாலருக்குள் இருந்தால் மின்வழி அஞ்சலட்டை மாதிரி ஒரு துண்டு, அதில் ஒன்றும் தெரியாது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். ஐஆர்எஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் இது தெரிந்துவிடும். நன்கொடை கொடுக்கும் முன் இதையாவது பாருங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வதில்லையா?

சரி, முழுப் படிவம் கையில் இருக்கிறது. எல்லோரும் நேராகப் போவது நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்ற இடத்துக்கு. நான் அதற்குப் பெரிய மதிப்புத் தருவதில்லை. ஒரே ஆளின் சம்பளத்தைப் 'பணிச் செலவு' என்றும் எழுதலாம், 'நிர்வாகம்' என்றும் எழுதலாம். பிரித்து எழுதுவதில் இடமிருக்கிறது. நான் முதலில் பார்ப்பது ஏழாம் பகுதி. இயக்குநர்கள், நிர்வாகிகள் ஒவ்வொருவருடைய பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு சம்பளம் என்று வரிசையாக இருக்கும். தொண்டு நிறுவனத்தில் சம்பளமா என்று முகம் சுளிக்காதீர்கள். முழுநேரம் உழைப்பவர் சம்பளம் வாங்கட்டும். வாரம் இரண்டு மணி நேரம் என்று போட்டுவிட்டு ஒரு லட்சம் வாங்கியிருந்தால்தான் கேள்வி. நியாயத்துக்கு மீறி வாங்கியது நிரூபணமானால், அந்தக் கூடுதல் தொகைக்கு 25 சதவீதம் வரியை வாங்கியவரே கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யாவிட்டால் 200 சதவீதம்.

அப்புறம் அந்தப் படிவத்தோடு இணைக்கும் அட்டவணை எல். நிர்வாகிகளுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ அமைப்பு கடன் கொடுத்ததா, அவர்கள் கம்பெனியோடு வியாபாரம் செய்ததா என்பது அங்கே வரும். தலைவரின் தம்பிதான் இணையதளம் செய்து கொடுத்தார் என்றால் அதில் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அளவு மீறியிருந்தால் எழுதியாக வேண்டும்.

லாபி, அதாவது சட்டம் இயற்றுபவர்களிடம் போய் ஆதரவு திரட்டும் வேலை; அதற்கான செலவு அட்டவணை சி-யில். இங்கேதான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். வரிச் சட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான 501 சி 3 வகை அமைப்புக்குக் கொடுத்தால் வரிக் கழிவு உண்டு, ஆனால் அது லாபி செய்ய வரம்பு உண்டு. சமூக நல அமைப்புகளுக்கான சி 4 வகை அமைப்பு தன் நோக்கத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் லாபி செய்யலாம், கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடையாது. ஒரு சி 3 அமைப்பு, செலவை வைத்து அளக்கும் 1976-ஆம் ஆண்டு முறையைத் தேர்ந்தெடுத்தால், பணிச் செலவின் முதல் 5 லட்சம் டாலரில் 20 சதவீதம், அடுத்த 5 லட்சத்தில் 15 சதவீதம் என்று போகும். பணிகளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் செலவழிக்கும் அமைப்பு 1,75,000 டாலர் வரை லாபிக்கு விடலாம். அழகு என்னவென்றால், இந்த முறையில் எண்ணப்படுவது செலவழித்த பணம் மட்டும். சொந்தக் காசில் டிக்கெட் போட்டு வாஷிங்டன் போய், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிற தொண்டரின் உழைப்பு கணக்கிலேயே வராது. பட்ஜெட் சிறியது என்பதற்காக ஓர் அமைப்பை எடை குறைவாகப் போடாதீர்கள்.

990-ல் ஒரு குறை: தாமதம். காலண்டர் ஆண்டுக் கணக்கை அடுத்த மே 15-க்குள் கொடுக்க வேண்டும். அவகாசம் கேட்டால் நவம்பர் 15. அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அமைப்பு ஒரு லாபி நிறுவனத்தை அமர்த்தியிருந்தால், அந்த நிறுவனம் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்கும். வாடிக்கையாளர் பெயர், எந்த மசோதா, செனட்டா பிரதிநிதிகள் சபையா, எவ்வளவு பணம் எல்லாம் அதில் இருக்கும். 'இந்த மசோதாவுக்காகத்தான் வசூல்' என்று உங்களிடம் சொன்ன அமைப்பின் அறிக்கையில் அந்த மசோதாவின் எண்ணையே காணோம் என்றால், போனைப் போட்டுக் கேளுங்கள்.

உங்களைப் போன்ற நன்கொடையாளர்களின் பெயர் பொதுவில் வராது. அதை மறைப்பது தவறும் அல்ல; விசாவில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். 2021-இல் கலிபோர்னியா மாநிலம் பெரிய நன்கொடையாளர் பட்டியலைக் கட்டாயமாகக் கேட்டதையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் அந்தத் திரை கொடுப்பவருக்கு மட்டும்தான். செலவு செய்பவர் அதன் பின்னால் ஒளிய முடியாது.

இணையத்தில் கணக்கு கிடைக்கவில்லையா? எழுதிக் கேளுங்கள். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களையும் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். நேரில் போனால் பெரும்பாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். நகலுக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம், 'நீங்க யாரு, எதுக்குக் கேக்கறீங்க' என்று காரணம் கேட்டு மறுக்க முடியாது. தராவிட்டால் நாள் கணக்கில் அபராதம். நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெருவில் போகிற யாரும் கேட்கலாம். நன்றி, வணக்கம்.