அங்கொடைக்கு ஏத்துற பஸ்ஸும் கிண்ணியாப் பாலமும்

(திருகோணமலையில ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில பேசினது. பேசின மாதிரியே எழுதிப் போட்டிருக்கிறன், பெரிசா வெட்டல்ல.)

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மைக் கொஞ்சம் இரையுது, பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்குதா? சரி.

நோட்டீஸில "கொள்கை மாற்றமும் மனநல சேவையும்" எண்டு போட்டிருக்காங்க. அதைப் பார்த்திட்டு எங்கட பக்கத்து வீட்டு மாமி கேட்டா, "ஏன் பிள்ள, விசருக்கும் கொள்கை இருக்கா?" எண்டு. இருக்கு மாமி. நான் முதல் ஆஸ்பத்திரி வோட்டில தாதி, பிறகு வீடு வீடாப் போய் நோயாளியப் பார்க்கிற வேலை, ரெண்டையும் செய்து ரிட்டயர் ஆன ஆள். நான் பேசப்போறது கடதாசியில இருக்கிற கொள்கையைப் பத்தியில்ல, அந்தக் கடதாசி மூதூரில இருக்கிற ஒரு அம்மாட வாசலுக்கு வர எத்தின பஸ் மாறணும் எண்டதைப் பத்தி.

நாங்க சின்னப் பிள்ளைகளா இருக்கேக்க குழப்படி செய்தா "அங்கொடைக்கு ஏத்திப்போடுவன்" எண்டு வெருட்டுவாங்க. அது வெறும் பேச்சில்ல. உண்மையிலயே ஏத்தினாங்க. அங்கொடை மனநோய்ப் பெரியாஸ்பத்திரி 1920கள்ல வந்தது, நாட்டில எந்த மூலையில ஒருத்தருக்குச் சித்தம் கலங்கினாலும் கடைசியில போய்ச்சேர்ற இடம் கொழும்புப் பக்கம்தான், இங்கயிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிசில ஒரு அம்மாவப் பார்த்தன், இரவு பஸ்ஸில மகன்ட கையையும் தன்ட சீலைத் தலைப்பையும் சேர்த்து முடிஞ்சு வச்சுக்கொண்டு இருந்தா, நித்திரை கொண்டா இறங்கி ஓடிடுவான் எண்டு பயம். யுத்த காலம், ஒவ்வொரு சோதனைச் சென்றியிலயும் இறக்குவாங்க, அந்தப் பொடியன் முழிக்கிற முழியைப் பார்த்தா சந்தேகப்படாத ஆமிக்காரன் இருப்பானா? ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்து, சுகமாகி, ஒரு மாச மருந்தோட திரும்பி வந்தாங்க. மருந்து முடிஞ்சுது. திரும்பப் போக காசுமில்ல, தெம்புமில்ல. ஆறு மாசத்தில பழையபடி. அந்த அம்மா மருந்தை நம்பல்ல எண்டு சொல்லாதீங்க, பஸ்ஸைத்தான் நம்பல்ல. கோயில்ல நூல் கட்டுறது, கழிப்புக் கழிக்கிறது, பள்ளியில ஓதிப் பார்க்கிறது எல்லாம் மடத்தனம் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுவாங்க, நான் சொல்லமாட்டன். பக்கத்தில இருந்தது அதுதானே.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் கொண்டுபோன ஊர் இது. அந்த அழிவுக்குப் பிறகுதான் மனசுக்கும் வைத்தியம் வேணும் எண்டு மேலிடத்தில உறைச்சுது, 2005இல தேசிய மனநலக் கொள்கை வந்தது. அதில இருந்த பெரிய விசயம் ஒண்டுதான்: எல்லாத்தையும் கொழும்பில குவிச்சு வைக்காம மாவட்டத்துக்கு மாவட்டம் கட்டில் போடு, கிளினிக் போடு. மனநல வைத்திய நிபுணர் போதாது எண்டதால சாதாரண டொக்டர்மாரைப் பயிற்றி மனநல மருத்துவ அலுவலரா அனுப்பினாங்க. சுனாமி அடிச்ச மாவட்டங்கள்ல ஊருக்குள்ளயே ஆக்களை எடுத்து சமூக உதவி அலுவலர் எண்டு போட்டாங்க, அவங்க சைக்கிள்ல போய் "தம்பி மருந்து போட்டியா" எண்டு கேட்பாங்க. அது பெரிய வைத்தியமா எண்டு கேட்டா, ஓம், பெரிய வைத்தியம்தான்.

இதில ஒருத்தரும் கணக்கில எடுக்காத ஒண்டு, 2009இல திறந்த கிண்ணியாப் பாலம். அதுக்கு முதல் கிண்ணியா ஆக்கள் பாதை எண்டு சொல்ற படகுக்குக் காத்து நிண்டு, கடந்து, பிறகு பஸ் பிடிச்சு டவுனுக்கு வரணும், கூட்டத்தைக் கண்டா பதறுற ஒரு நோயாளியோட அந்தப் பாதையில ஏறிப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். பாலம் கட்டினது வீதி அபிவிருத்தி அதிகார சபை, சுகாதார அமைச்சு இல்ல. ஆனா கிளினிக்குக்கு ஒழுங்கா வாற முகங்கள் கூடினதை நான் என்ட கண்ணால பார்த்தன்.

இதே மாதிரி இன்னொரு கதை, இதை இளைய பிள்ளைகள் நல்லாக் கேக்கணும். 1995இல இந்த நாட்டில ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில தற்கொலை செய்து செத்தாங்க, உலகத்திலயே ஆக மேல நிண்ட நாடுகள்ல நாங்களும் ஒண்டு. இப்ப 15ஐ ஒட்டி இருக்கு. எப்பிடிக் குறைஞ்சுது? எங்களைப் போல ஆக்கள் கவுன்சலிங் குடுத்தா? சொல்ல ஆசைதான், ஆனா பெரும் பங்கு அதில இல்ல. வயலுக்கு அடிக்கிற மருந்தில ஆகக் கடுமையானதுகளை 1995இல தடை செய்தாங்க, 1998இல இன்னொண்டு, 2008இலிருந்து 2011க்குள்ள இன்னும் மூண்டு. ஒரு ஆத்திரத்தில, ஒரு இரவில எடுக்கிற முடிவு அது, கைக்கெட்டின தூரத்தில கொல்லுற நஞ்சு இல்லாட்டி அந்த ஆள் விடியக் காலையில உயிரோட இருக்கும், கனபேர் பிறகு அந்தப் பக்கமே போறதில்ல. விளைச்சல் விழும் எண்டு சொன்னாங்க, நெல்லு விழல்ல. 1998இல தற்கொலை முயற்சி குற்றம் எண்ட சட்டத்தையும் எடுத்தாங்க, அதுக்கு முதல் பொலிஸ் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில நிக்கும், குடும்பம் பயத்தில ஆஸ்பத்திரிக்கே கொண்டுவராது.

அதே விவசாயப் பக்கத்தில இருந்துதான் 2021இல ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியா நிப்பாட்டின முடிவும் வந்தது. ஏழு மாசத்தில வாபஸ் வாங்கினாங்க, ஆனா கந்தளாய், சேருவிலப் பக்கம் நகையை அடகு வச்சு விதைச்ச மனுசன்ட நித்திரையை ஆர் வாபஸ் குடுக்கிறது? மனநலக் கொள்கை எண்ட பேர் போட்ட கடதாசியில மட்டும் மனநலம் இல்ல எண்டு நான் சொல்றது இதைத்தான்.

சரி, மனநோய்ச் சட்டத்துக்கு வாறன். 1873. எங்கட பூட்டனுக்குப் பூட்டன் காலம். அந்த வருசம் வெள்ளைக்காரன் எழுதின சட்டம்தான் அடிப்படை, கடைசியாத் திருத்தினது 1956இல. அதுக்குப் பிறகு புதுச் சட்டம் வரைஞ்சாங்க, திரும்ப வரைஞ்சாங்க, வரைஞ்சுகொண்டே இருக்காங்க. கொள்கை "ஊருக்குள்ள வச்சுப் பார்" எண்டு சொல்லுது, சட்டமோ ஆளைப் பிடிச்சு உள்ள வைக்கிறதைப் பத்தித்தான் கூட யோசிக்குது. நோயாளிக்கு என்ன உரிமை, விருப்பமில்லாம மறிச்சு வச்சா ஆரிட்ட முறையிடுறது, இதெல்லாம் எங்க தெளிவா இருக்கு?

பிறகு 2022. அதைப்பத்தி நீட்ட விரும்பல்ல, எல்லாரும் வரிசையில நிண்டம். மருந்துத் தட்டுப்பாட்டில துண்டு எழுதித் தந்து "வெளியில வாங்குங்க" எண்டாங்க, பெற்றோல் இல்லாம பஸ்ஸும் இல்ல. பத்து வருசம் நல்லா இருந்து, மீன் வாடியில வேலை செய்த ஒரு ஆள், ரெண்டு மாசம் மருந்து விட்டுப்போய் திரும்ப வோட்டுக்கு வந்தார். பத்து வருசம் சும்மா போச்சு மிஸ் எண்டார். நான் என்ன சொல்ல.

இன்னொண்டு, பாசை. "நெஞ்சுக்குள்ள எரியுது, மனசு பாரமா இருக்கு, ஒண்டும் பிடிக்கல்ல" எண்டு ஒரு அம்மா சொல்லுது, தமிழ் தெரியாத டொக்டருக்குப் பக்கத்தில நிக்கிற அற்றெண்டன் "நெஞ்சு நோவாம்" எண்டு மொழிபெயர்க்குது, ஈசிஜி எடுத்து அனுப்பிவிடுறாங்க. காணாமப் போன மகனுக்காக இன்னும் ஒரு கோப்பை தேத்தண்ணி கூட ஊத்தி வைக்கிற தாய்மார் இருக்கிற மாவட்டம் இது. அந்தப் பாரத்தை ஈசிஜி காட்டாது. தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைப் போட்டாலும் பழக முதல் இடமாற்றம் வந்திடும், புதுசா வாறவரிட்ட அந்த அம்மா முதல்ல இருந்து அழுது சொல்லணும்.

போன் நம்பர் ஒண்டு சொல்றன், எழுதிக்கொள்ளுங்க, 1926. எந்த நேரமும் எடுக்கலாம். மற்றப் பக்கத்தில எடுக்கிறது ஆர் தெரியுமோ? அந்தப் பழைய அங்கொடைதான், இப்ப அதுக்குப் பேர் தேசிய மனநல நிறுவகம். அம்மாமார் எங்களை வெருட்டின இடம், இப்ப போனுக்குள்ள வந்து "சொல்லுங்க" எண்டு கேக்குது.

நேரம் போட்டுது, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கேள்வி இருந்தாக் கேளுங்க. மூதூர்ப் பக்கம் போறவங்க முதல்ல கேளுங்க, உங்கட பஸ் வெளிக்கிடப்போகுது.