கப்பல்துறைக்கு முன்னால் கன்னியா எப்படி வந்தது?

[திரையில்: அச்சிட்ட ஊர்ப்பட்டியல். ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம்.]

வணக்கம். இந்த வட்டத்தைப் போட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். திருகோணமலையில் ஒரு நலன்புரிச் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். அங்கத்தவர் பட்டியலை ஊர்வாரியாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, கன்னியாவை எழுதிவிட்டுத்தான் கப்பல்துறையை எழுதுவீரோ? உமக்கு மெய்யெழுத்துச் சொல்லித் தந்தது யார்?"

"ஐயா, கணினிதான் அடுக்கியது."

"அப்படியானால் கணினியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

[திரையில்: கந்தளாய், கன்னியா, கப்பல்துறை. ஒன்றன்கீழ் ஒன்றாக.]

மூன்றும் நம்முடைய மாவட்டத்து ஊர்கள், மூன்றுக்கும் முதல் எழுத்து க. ஆகவே வழக்கு இரண்டாவது எழுத்தில்: ந், ன், ப். பதினெட்டு மெய்களைச் சொல்லிப் பாருங்கள். ன கடைசியில் வரும். வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் வைத்திருக்கும் பெருமைக்காகக் கன்னியாவை முன்னே விட முடியாது. அது மூன்றாவதாக நிற்க வேண்டும்.

எங்கே தேடுவது? தரவுத்தளத்திடம் பட்டியலைக் கேட்கும் செலக்ட் வினவலின் முடிவில், எதன்படி அடுக்குவது என்று சொல்லும் ஓர்டர் பை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் கிடையாது. நேற்றுவரை சரியாக வந்தது தற்செயல். என்னுடையதில் ஓர்டர் பை ஊர் என்று தெளிவாகவே இருந்தது. அடுத்து, இடையில் நிற்கும் செயலியை விலக்கிவிட்டு, அதே வினவலைத் தரவுத்தளத்தின் கட்டளைச் சாளரத்தில் நேரே ஓட்டுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் ஒரு நாளைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். அங்கே சரியாகவும் உலாவியில் பிழையாகவும் வந்தால், ஜாவாஸ்கிரிப்ட் மறுபடி அடுக்கியிருக்கக்கூடும். அதில் அடுக்கும் வேலையைச் செய்யும் சோர்ட், வேறு விதி சொல்லாவிட்டால், எண்களைக்கூட எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும். எனக்கு இரண்டு இடத்திலும் அதே பிழை. ஆகவே தரவுத்தளத்துக்குள் இறங்கினேன்.

[திரையில்: ந 2984, ன 2985, ப 2986.]

இவை யூனிகோட் எண்கள், அதாவது கணினி ஒவ்வொரு எழுத்தையும் அடையாளம் காணும் எண்கள். என் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அதை நிறுவும்போது கொலேஷனை, அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதியை, சி என்று விட்டிருந்தேன். சி என்றால் மொழியே தெரியாது, எண்ணை மட்டும் பார்க்கும். 2985 சிறிதா, 2986 சிறிதா? கன்னியா முன்னே வந்துவிட்டது.

ன எப்படி ந-வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது? தமிழுக்கான யூனிகோட் பகுதி, இந்திய எழுத்துகளுக்கான 1988ஆம் ஆண்டு இஸ்கி என்ற குறியீட்டுத் தரத்தைப் பின்பற்றி, தேவநாகரிக்குச் சமாந்தரமாக அடுக்கப்பட்டது. அதனால் ன, ந-வை ஒட்டியும் ற, ர-வை ஒட்டியும் நிற்கின்றன. ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்னே வந்துவிட்டன. அவை குறியீட்டு எண்கள்தாம், அகரவரிசை அல்ல. யூனிகோட் அமைப்பே அகரவரிசைக்கெனத் தனி விதிகளை வெளியிடுகிறது. அந்த விதியைக் கேட்டு வாங்காதது என் தவறு.

கேட்பது எளிது. போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து அந்த அகரவரிசை விதிகளைக் கொண்ட ஐசியூ என்ற மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்தலாம். ஓர்டர் பை ஊர் என்பதற்குப் பின்னால் கொலேட் என்று எழுதி, டிஏ-எக்ஸ்-ஐசியூ என்ற பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். டிஏ என்பது தமிழின் குறியீடு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தை வைத்திருப்பவர்கள், நிரலின், அதாவது அட்டவணையின் செங்குத்துப் பத்தியின், கொலேஷன் பெயர் "bin" என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்களுக்கும் இதே வருத்தம்தான்.

மாற்றிய கையோடு சோதிக்க இன்னொரு சோடி தருகிறேன்: சல்லி, சலப்பையாறு. நம் அகராதிகளில் புள்ளி வைத்த மெய் முன்னே வரும், ஆகவே சல்லிதான் முதல். குறியீட்டு எண்ணில் புள்ளி 3021. சலப்பையாற்றில் அதே இடத்தில் நிற்கும் ப-வின் 2986ஐ விடப் பெரியது. எண்ணைப் பார்த்து அடுக்கும் தரவுத்தளம் சலப்பையாற்றை முன்னே தள்ளும்.

[திரையில்: சந்தாப் பட்டியல். 02/12/2024 மேலே, 30/11/2024 கீழே.]

இது அதே சங்கத்தின் வேறொரு பட்டியல். டிசம்பருக்குப் பிறகு நவம்பர். நிரல் உண்மையான திகதி வகைதான். அதைப் பலமுறை சரிபார்த்தேன். கோளாறு செலக்டில் இருந்தது. நாள், மாதம், ஆண்டு என்று அழகாகக் காட்டுவதற்காக டூ-சார் போட்டு எழுத்தாக மாற்றி, அந்த விளைவுக்கும் திகதி என்றே பெயர் வைத்திருந்தேன். ஒரே பெயரில் இரண்டு திகதி இருந்தால், ஓர்டர் பை வெளியே காட்டப்போவதைத்தான் எடுக்கும். எழுத்தாகப் பார்த்தால் 02, 30ஐ விடச் சிறியது, அவ்வளவுதான். ஓர்டர் பை சந்தா.திகதி என்று அட்டவணையின் பெயரையும் சேர்த்து எழுதியதும் நவம்பர் மேலே ஏறியது. தொகையை எழுத்து நிரலில் சேமித்தால் 1000 ரூபாய் 900க்கு முன்னால் வருவதும் இந்த இனம்தான்.

திகதி வெறுமையாக இருக்கும் நிரைகள், ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸில் கடைசியிலும் மைஎஸ்கியூஎல்லில் முதலிலும் வரும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுபவர்கள் இதைப் பிழை என்று நினைத்துப் பதறுவார்கள்.

பக்கத்துக்கு 20 பேராக லிமிட், ஓஃப்செட் போட்டுக் காட்டும்போது ஒருவர் இரண்டு பக்கத்தில் வந்து, இன்னொருவர் காணாமல் போகிறாரா? ஒரே ஊரில் பலர் இருப்பதால், அவர்களுக்குள் யார் முன்னே என்று நீங்கள் சொல்லவில்லை. ஊருக்குப் பின்னால் அங்கத்துவ எண்ணையும் ஓர்டர் பையில் சேர்த்துவிடுங்கள்.

[திரையில்: புதிய பட்டியல். மறுபடியும் ஒரு சிவப்பு வட்டம்.]

எல்லாம் திருத்தி இரண்டாவது முறை கொண்டுபோனேன். கன்னியாவைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பேனையை எடுத்தார்.

"தோப்பூர் எப்போது இரண்டானது?"

பட்டியலில் தோப்பூர் என்று அடுத்தடுத்து இரண்டு தலைப்புகள். ஒன்றின் கீழ் 11 பேர், மற்றதில் 3 பேர். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நீளத்தை அளக்கும் வினவலை ஓட்டினேன்: ஒன்று 8, மற்றது 9. தோ என்பதில் உள்ள ஓகாரக் குறி யூனிகோட்டில் ஒரே எண்ணாகவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக ஒட்டியதாகவும் இருக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் அந்த மூவரும் வந்திருந்தார்கள். கொலேஷன் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது, ஆனால் ஒரே ஊர்க்காரரைத் தொகுக்கும் குரூப் பை அவற்றைச் சேர்க்கவில்லை. போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து இப்படி உடைந்த எழுத்தை ஒரே எண்ணாகச் சேர்க்கும் நோர்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. ஊர் நிரல் முழுவதையும் அதன் வழியாக ஒருமுறை அனுப்பி, இனிமேல் உடைந்த எழுத்து நுழையாதபடி ஒரு செக் நிபந்தனையும் போட்டேன்.

[திரையில்: தோப்பூர், 14.]