அட்டவணையில் இல்லாத வகுப்பு

நடுவர் அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், இவ்வளவு நேரம் நம்மையெல்லாம் திருத்திக்கொண்டிருந்த எதிரணியினருக்கும், ஏதோ முக்கியமான வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

'மனிதனை மெருகேற்றுவது திட்டமிட்ட சுயமுன்னேற்றமா, விளையாட்டான பொழுதுபோக்கா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் இருபது நிமிடம் பேசினார். காலை 5 மணிக்கு எழ வேண்டும், அன்றைய வேலையைப் பட்டியல் போட வேண்டும், 10,000 அடி நடக்க வேண்டும், எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் அப்புறம் அது நம்மை விடாது என்றார். கடைசியில், 'பொழுதுபோக்கு என்றால் பொழுதைப் போக்கடிப்பது, பேரிலேயே இருக்கிறதே' என்று ஒரு போடு போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நடுவர் அவர்களே. இருபது நிமிடத்தில் அவர் விளையாட்டாகப் பேசிய ஒரே இடம் அது. அதற்குத்தான் கைதட்டலும் விழுந்தது. என் அணி இதற்கு மேல் என்ன சாட்சி காட்ட வேண்டும்?

நான் சோம்பேறித்தனத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அவர் சொன்ன அத்தனையையும் செய்து பார்த்து அடிபட்டவன் நான். என்னிடம் நான்கு நாட்குறிப்புகள் இருக்கின்றன. நான்கிலும் ஜனவரி மட்டும் நைந்து போயிருக்கும். பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை புத்தம் புதுசு. ஒன்றில் ஜனவரி 1-ஆம் தேதி, 'இன்று முதல் நான் புதிய மனிதன்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஜனவரி 9-ஆம் தேதி, 'நேற்று எழுதாமல் விட்டதையும் சேர்த்து நாளை எழுதவும்' என்று இருக்கிறது. அந்த நாளை இன்னும் வரவில்லை. அதே நாட்குறிப்பில் மார்ச் மாதம் ஒரு பக்கம் மட்டும் நிரம்பியிருக்கிறது. என் மகள் புள்ளி வைத்துக் கட்டம் போடும் ஆட்டம் ஆடியிருக்கிறாள். அந்த நாட்குறிப்பில் தொடங்கி முடிக்கப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

சரி, அந்த 21 நாளுக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகுவதற்கு, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து 1960-இல் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' என்ற சொல் வழியில் விழுந்துவிட்டது. முகமும் விழுந்துவிட்டது. 21 மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிற்பாடு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து இதை உண்மையிலேயே அளந்து பார்த்தார்கள். ஒரு பழக்கம் தன்னால் வரும் அளவுக்கு ஊறிப்போக சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை, 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்பதும் அதில் தெரிந்தது. 22-ஆம் நாள் காலையில் எழுந்து, 'எனக்கு ஏன் இன்னும் வரவில்லை, நான் லாயக்கில்லாதவனோ' என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதவர்களுக்கு எதிரணி என்ன பதில் சொல்லப் போகிறது?

அடுத்தது 10,000 அடி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965-இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. நடக்க நடக்க எண் ஏறும். அதன் பெயர் மான்போ கெய். பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த அந்தப் பெயர்தான் பிறகு உலகம் முழுக்க ஆரோக்கிய விதியாக மாறியது. நடப்பது நல்லது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு 9,700 காட்டுகிறது என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறாரே ஒருவர், அவர் யாருக்காக நடக்கிறார்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'நட, உடம்புக்கு நல்லது' என்று காலம் காலமாகச் சொல்லிப் பார்த்தும் நகராதவர்கள், இடுப்பில் ஒரு பொம்மையை மாட்டி எண் ஏறுவதைக் காட்டியதும் எழுந்து நடந்தார்கள். அப்படியானால் அது எங்கள் கட்சி இல்லையா? எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற போமொடோரோ முறையைப் பெருமையாகச் சொன்னார். அதைக் கண்டுபிடித்த பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் இத்தாலியில் மாணவராக இருந்தார். புத்தகத்தைத் திறந்தால் மனம் ஓடுகிறது. சமையலறையில் தக்காளி வடிவத்தில் ஒரு கடிகாரம் கிடந்தது. அதைத் திருகி வைத்து, மணி அடிக்கிறவரை படிக்க முடிகிறதா பார்க்கலாம் என்று தன்னோடு தானே பந்தயம் கட்டினார். போமொடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. பந்தயம் எங்களுடையது, நடுவர் அவர்களே. பெயர் மட்டும் அவர்களுடையது.

இப்போது என் அப்பா கதை. அப்பாவுக்கு 52 வயது ஆனபோது அவருடைய அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மூன்று நாள் பயிற்சி வகுப்பு. அப்பா ஒழுங்கானவர். நோட்டில், 'மவுஸ்: இடது பட்டன் ஒன்று, வலது பட்டன் ஒன்று' என்று எழுதி, படம் வரைந்து, பாகங்களைக் குறித்து வைத்திருந்தார். நான்காம் நாள் மவுஸைத் தொட்டால் திரையில் அம்பு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டால் அதைத் தூக்கி நடுவில் வைக்கலாம் என்று தெரியாமல், நாற்காலியோடு தானும் நகர்ந்திருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் காலைத் தூக்கிக்கொண்டாராம்.

ஒரு சின்னப் பையன், புதிதாகச் சேர்ந்தவன், 'சார், இதைக் கொஞ்சம் ஆடிப் பாருங்க' என்று சாலிட்டேர் சீட்டாட்டத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனான். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த ஆட்டம் அது. சீட்டை அழுத்திப் பிடி, இழு, விடு. விரல் நழுவினால் சீட்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். திட்ட யாரும் இல்லை, மதிப்பெண் குறைக்க யாரும் இல்லை, திரும்ப இழுத்தால் போயிற்று. கம்ப்யூட்டரைக் கண்டு மிரண்டவர்களுக்கு மவுஸ் பழகியது அந்த ஆட்டத்தில்தான். வலது பட்டன் எதற்கு என்பதைக் கண்ணிவெடி தேடும் இன்னோர் ஆட்டம் சொல்லிக்கொடுத்தது. மூன்று நாள் வகுப்பில் வராத கை, இரண்டு வாரத்தில் அப்பாவுக்கு வந்தது. மேலாளருக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு கதை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

'பழைய விளையாட்டு, பழைய கேசட் என்று அங்கலாய்ப்பது முன்னேற்றத்துக்குத் தடை, அது ஒரு வியாதி' என்று எதிரணித் தோழி ஒருவர் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. பழைய நினைப்பில் ஏங்குவதற்குச் சொல்கிறோமே, அந்த நாஸ்டால்ஜியா என்ற சொல்லையே 1688-இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவர் ஒரு வியாதியின் பெயராகத்தான் உருவாக்கினார். வீட்டு நினைப்பில் வாடியவர்களுக்கு வந்த நோயாம். ஆனால் அந்த வியாதிக்காரர்களில் ஒருவனாகச் சொல்கிறேன், நான் உருப்படியாகக் கற்ற பாதி விஷயம் கேசட்டில் கற்றது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த அந்தச் சின்ன டப்பா இந்த அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். வானொலியில் பிடித்த பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. ரெக்கார்டு, பிளே இரண்டு பட்டன் மேலும் விரலை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்போம். பாட்டு ஆரம்பித்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். பாட்டு முடிகிற நேரத்தில் அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன் நிறுத்த வேண்டும். அவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் வரைக்கும் பதிவாகியிருந்தால் அன்றைக்கு நாம் மேதை.

90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஏழெட்டுப் பாட்டு போட்ட பிறகு மூன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும். கையில் இருப்பதோ நாலரை நிமிடப் பாட்டு. அதைப் போட்டால் சரணத்தின் நடுவில் டக்கென்று நின்றுபோகும். சின்னதாக இன்னொன்று தேட வேண்டும். நேரத்தைத் திட்டமிடுவது பற்றி எத்தனையோ பேர் எனக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். மூன்றரை நிமிடம் என்றால் எவ்வளவு என்று எனக்குக் காட்டியது அந்தக் கேசட்தான். பிடித்த கேசட் அழியாமல் இருக்க மேல்பக்கம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுவோம். உடைத்த பிறகு மனம் மாறினால் அந்த ஓட்டை மேல் செலோடேப் ஒட்டினால் போதும். நாடா சிக்கி வெளியே வந்துவிட்டதா, ஓர் ஆறுபட்டைப் பென்சிலை நடுத்துளையில் செருகினால் ஆறு பல்லுக்கும் கச்சிதமாகப் பிடிக்கும். அவசரப்பட்டுச் சுற்றினால் நாடா முறுக்கிக்கொள்ளும். நிதானமாக, ஒரு விரலால் நாடாவைத் தட்டையாகப் பிடித்தபடி சுற்ற வேண்டும். பொறுமை பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுற்றினேன், அவ்வளவுதான்.

'சித்திரமும் கைப்பழக்கம்' என்று எதிரணித் தலைவர் முழங்கினாரே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை முதலில் எதில் பழகியது? சுவரில், அம்மா பார்க்காத நேரத்தில்.

என் மகள் பாடப் புத்தகத்தோடு பத்து நிமிடம் உட்கார மாட்டாள். ரூபிக் கனசதுரத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். 1974-இல் புடாபெஸ்டில் எர்னோ ரூபிக் என்ற வடிவமைப்பு ஆசிரியர் செய்தது அது. செய்தவருக்கே அதைக் கலைத்த பிறகு பழையபடி சேர்க்க ஒரு மாதம் போலப் பிடித்தது. அது கலையக்கூடிய விதங்களை எழுதினால் 20 இலக்க எண் வரும். எப்படிக் கலைந்தாலும் 20 திருப்புக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010-இல் கணினிகளை வைத்து நிரூபித்தார்கள். மகள் முதல் அடுக்கைச் சேர்த்துவிட்டுத் துள்ளினாள். இரண்டாம் அடுக்குக்குப் போக வேண்டுமானால் சேர்த்து வைத்த முதல் அடுக்கைக் கொஞ்சம் கலைத்தாக வேண்டும். மாட்டேன் என்றாள். ஒரு நாள் முழுக்க அதை அப்படியே அலமாரியில் வைத்திருந்தாள். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். இதையே நான் உபதேசமாகச் சொல்லியிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். என் சின்ன வயதில் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டினேன். பசை போனது ஒட்டாது என்று அதிலும் ஒரு பாடம் கிடைத்தது.

'கைபேசியை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறோமே, அதுவும் உங்கள் கட்சிதானா?' என்று எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். இல்லை, அதை எங்கள் அணியில் சேர்க்க மாட்டோம். சீட்டாட்டம் ஒரு கட்டத்தில் முடியும். கேசட் 45 நிமிடத்தில் டக்கென்று நிற்கும், எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். குறுக்கெழுத்தில் கட்டம் தீர்ந்துவிடும். 1942 ஜனவரியில் லண்டனில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் குறுக்கெழுத்தை 12 நிமிடத்துக்குள் முடிக்கப் போட்டி வைத்தார்கள்; ஜெயித்தவர்களில் சிலரை அப்புறம் பிளெட்ச்லி பார்க் என்ற பிரிட்டிஷ் போர்க்கால மையத்தில் எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கைபேசியைத் தள்ளுவதில் தோற்பதும் கிடையாது, முடிவதும் கிடையாது. எனக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. எழுந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா? 'அடடே, ஒரு சீட்டில் போய்விட்டது' என்றாவது சொல்ல முடிந்தால் அது பொழுதுபோக்கு. 'இப்போது மணி என்ன?' என்பது மட்டும்தான் கேட்க வருகிறது என்றால் அதை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். என் மனம் ஆடுகிற மாடு, நடுவர் அவர்களே. அதன் முன்னால் அட்டவணையை நீட்டினால் அதைத் தின்றுவிட்டு நிற்கிறது. இப்போதெல்லாம் அலமாரி அடுக்குவது என்றால் ஒரு பழைய கேசட்டின் ஒரு பக்கத்தை ஓட விடுகிறேன். பாட்டு நிற்கும்போது எந்தத் தட்டில் இருக்கிறேனோ அத்தோடு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மூன்று கேசட்டில் வீடு சுத்தம்.

மணி அடித்துவிட்டீர்கள். அப்பா கதையை மட்டும் முடித்துவிடுகிறேன். ஒரு நாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். அப்பாவுக்கு முதல் முறையாக ஆட்டம் கைகூடி வருகிறது. இன்னும் ஏழெட்டுச் சீட்டுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் மூச்சுச் சத்தம். திரும்பினால் மேலாளர். கறாரான மனிதர், மேசையில் செய்தித்தாள் கிடந்தாலே முறைப்பவர். அப்பாவுக்கு ஆட்டத்தை மூட வேண்டும். ஆனால் மூடுவது எப்படி என்பதை அந்தப் பையன் சொல்லித் தரவில்லை. மவுஸைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாராம்:

'அந்த ஆர்ட்டின் ஒன்பதைத் தூக்கி இஸ்பேட் பத்து மேலே வைங்க சார். நான் ரெண்டு மாசமா இங்கேதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.'