வேன் கதவில் வளரும் பத்துமலை! இந்த வெள்ளைப் புள்ளிகளை எடுக்க ஒரு போத்தல் சூக்கா (வினிகர்) போதுமா?

[காட்சி: வீட்டு வாசல், காலை ஏழு மணி. கருநீல மோட்டார்ஹோம். கேமரா கதவை நெருங்குகிறது.]

வணக்கம் மக்களே. இந்த வண்டியை நேற்று மத்தியானம்தான் கழுவினோம். இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் கழுவினோம். இப்போது பாருங்கள், அம்மை போட்டது மாதிரி நிற்கிறது. கழுவாமலே விட்டிருந்தால் இதைவிட லட்சணமாக இருந்திருக்கும்.

இது அழுக்கு இல்லை. கல். பத்துமலையில் 272 படி ஏறிப்போய் அண்ணாந்து பார்க்கிறீர்களே, குகைக் கூரையில் தொங்குகிற சுண்ணாம்புக்கல், அதே சரக்கு என் மாமாவின் வண்டியில் ஓசியில் வளர்கிறது. அதனால்தான் ஷாம்பு தோற்றுப்போகிறது. கல்லுக்கு நுரை போட்டால் குளித்த கல்தான் கிடைக்கும்.

எடுப்பது எப்படி என்று காட்டுகிறேன். நடுவில் ஒரு ஜன்னலை நான் எப்படிப் பாழாக்கினேன் என்ற கதையும் வரும். அது வரைக்கும் இருங்கள், உங்கள் காசு மிச்சம்.

வண்டி மாமாவுடையது. ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. லயத்து வீட்டில் எட்டுப் பேரோடு படுத்து வளர்ந்த மனிதர், இப்போது வீட்டையே ஓட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போகிறார். பாட்டிக்கு மட்டும் இன்னும் புரியவில்லை: "வீடு இருக்கும்போது எதுக்குடா வண்டியில படுக்கிற?"

[காட்சி: தூரத்தில் மலை.]

சரி, கல் எங்கிருந்து வந்தது? நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். மலாயில் சிப்புட் என்றால் நத்தை. ஊர்ப் பெயரே நத்தை ஆறு. நத்தை ஓடு எதனால் ஆனது தெரியுமா? கால்சியம் கார்பனேட். ஈப்போ போகிற வழியில் செம்மோர் பக்கம் நிற்கிற சுண்ணாம்பு மலையும் அதேதான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலுக்கு அடியில் செத்துப்போன சிப்பி, பவளம் எல்லாம் சேர்ந்து இறுகிய கல். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லைக் கரைத்துக்கொண்டு நிலத்துக்குள் போகிறது. மாமா வீட்டுக் கொல்லையில் குழாய்க் கிணறு. அப்புறம் கேட்கவா வேண்டும்?

ஊருக்கெல்லாம் பைப்பில் வருகிற தண்ணீர் நம் நாட்டில் பெரும்பாலும் ஆற்றிலிருந்து எடுப்பது, அதில் இந்தத் தொல்லை குறைவு. கிணற்றுத் தண்ணீர்தான் வில்லன். ஒரு லிட்டரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு 120 மில்லிகிராமைத் தாண்டினால் கடினத் தண்ணீர், 180-ஐத் தாண்டினால் ரொம்பக் கடினம் என்று கணக்கு. 200 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபது லிட்டர் வாளியில் நான்கு கிராம் கல். துளி வெயிலில் காயும்போது தண்ணீரும் வாயுவும் பறந்துவிடும், கல் மட்டும் குடியேறிவிடும்.

புள்ளி ஏன் வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து இருக்கிறது? கோப்பிக்கடை மேசையில் சிந்திய கோப்பி-ஓ காய்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுத்த வளையம். ஓரம்தான் சீக்கிரம் காய்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, கையில் இருக்கிற மூட்டையையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கி நேச்சர் இதழில் எழுதினார்கள். நாம் அத்தனை வருஷமும் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுப் போய்விட்டோம்.

[காட்சி: சாப்பாட்டுத் தட்டில் முட்டை ஓடு. மேலே வினிகர் ஊற்றுதல்.]

கல்லுக்கு எதிரி அமிலம். சத்தத்தைக் கேளுங்கள்... தங்கச்சி, மைக்கைப் பக்கத்தில் கொண்டு வா. சுர்ர் என்கிறதா? ஓட்டில் இருக்கிற கல் உடைந்து வாயுவாக வெளியேறுகிறது. கடையில் கிடைக்கிற வெள்ளை வினிகர்தான் இது, சுமார் ஐந்து விழுக்காடு அசெட்டிக் அமிலம், சில வெள்ளிதான் விலை.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வினிகருக்கு மலாயில் சூக்கா. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சூக்கா தெரியும்: சூக்கா கெத்தா, ரப்பர் சூக்கா. பாட்டி முப்பது வருஷம் பால் வெட்டியவர். விடியுமுன்னே மரத்துக்குப் போய், மங்குக் கிண்ணத்தில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டு வந்து, தட்டில் ஊற்றி, தண்ணீர் கலந்த அமிலத்தைக் கொஞ்சமாக விட்டுக் கிளறினால், பால் தௌஃபூ மாதிரி உறைந்துவிடும். பாலில் மிதக்கிற ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அமிலம் அந்தச் சண்டையைத் தீர்த்து ஒட்ட வைத்துவிடுகிறது. அதை உருளையில் விட்டுத் தகடாக்கிப் புகை போடுவார்கள்.

அந்த அமிலத்தின் பெயர் ஃபார்மிக் அமிலம். 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் அதை எறும்புகளை வடித்து எடுத்தார். உண்மைதான், எறும்பை வடித்து! மரத்தில் ஏறுகிற செவ்வெறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுகிறதே, எரிகிறதே, அதே அமிலம். லத்தீனில் எறும்புக்கு ஃபார்மிகா, பெயர் அங்கிருந்து வந்தது. ஆக, தோட்டத்துப் பாட்டிமார் எல்லோரும் எறும்புக்கடியை வைத்து ரப்பர் செய்தவர்கள். எனக்கு இதைவிடப் பெரிய விஞ்ஞானப் பெருமை வேண்டாம்.

கெட்டில் அடியில் படிகிற உப்பை எடுக்கும் மருந்து சிலவற்றிலும் இதுதான் இருக்கிறது. அதனால் போன வாரம் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஸ்டோரில் மிச்சம் கிடக்கிற சூக்கா கெத்தாவையே ஊற்றலாமா?" ஊற்றாதீர்கள்! அது 85 விழுக்காடும் அதற்கு மேலும் வருகிற அமிலம். தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும். குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்து, தெரியாமல் குடித்தவர்கள் கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. இரண்டுக்கும் பெயர் சூக்கா என்பதற்காக இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

[காட்சி: ஸ்ப்ரே போத்தல், மைக்ரோஃபைபர் துணிகள், தோங் (பீப்பாய்) நிறைய மழைத் தண்ணீர்.]

வேலைக்கு வருவோம். தகரம் குளிர்ந்திருக்க வேண்டும், அதனால்தான் காலை ஏழு மணி. முதலில் ஷாம்பு போட்டு மண்ணை எடுத்துவிடுங்கள். வினிகரும் மழைத் தண்ணீரும் பாதிக்குப் பாதி. துணியை நனைத்துப் புள்ளிமேல் ஒட்டி வையுங்கள், இரண்டு மூன்று நிமிஷம். காய விடக்கூடாது. லேசாகத் துடையுங்கள், நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், அந்தக் கிணற்றுத் தண்ணீரை விட்டு மறுபடியும் கதையை ஆரம்பிக்காதீர்கள். வினிகர் மெழுகையும் கழற்றிவிடும், கடைசியில் ஒரு கை மெழுகு போடுங்கள். குளோராக்ஸ் மாதிரி ப்ளீச்சோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். சிமெண்டுத் தரையில் சொட்டவிட்டால் அங்கேயும் சுர்ர்தான், சிமெண்டுக்குள்ளும் சுண்ணாம்பு இருக்கிறது. பாட்டியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

துடைத்த பிறகும் புள்ளி நிற்கிறதா? விரலால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டினால் இன்னும் படிவம் இருக்கிறது. இரண்டாம் தடவை போடலாம். அதற்கும் அசையாவிட்டால் மணலில் இருக்கிற சிலிக்கா கலந்திருக்கலாம், அதை வினிகர் தொடாது. பள்ளமாகத் தெரிந்தால் பெயிண்டை அரித்துவிட்டது, இனி பாலிஷ்தான். பெயிண்டுக்கு மேலே இருக்கிற வார்னிஷ் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் போகிறது. சிலிக்காவைக் கரைக்கிற மருந்து என்று சிலதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அல்லது அதன் உறவுக்கார உப்பு இருக்கும். தோல் வழியாக உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். வேன் பளபளக்க நம் எலும்பைக் கொடுக்க வேண்டுமா? லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

[காட்சி: பக்கவாட்டு ஜன்னல். வட்டம் வட்டமாகக் கீறல்.]

இதோ, நான் வாக்குக் கொடுத்த அவமானம். வினிகர் போட்டும் இரண்டு புள்ளி போகவில்லை. கண்ணாடிதானே என்று பானை தேய்க்கிற பச்சை நாரை எடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் பனி மூடிய கேமரன் மலைப் பிரிஞ்சாங் ஆகிவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்க்க முயன்றார், தெரியவில்லை, அவ்வளவுதான்.

அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். மோட்டார்ஹோம் பக்கவாட்டு ஜன்னல்கள் பலவும் எடை குறைய இரட்டை அக்ரிலிக்கில் வருகின்றன. விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்: கண்ணாடி டிங் என்னும், அக்ரிலிக் டொக் என்னும். டொக் என்றால் சோப்புத் தண்ணீர், நீர்த்த வினிகர், மெத்துத் துணி, அதோடு நிறுத்துங்கள். நார், பிளேடு, அமோனியா கலந்த கண்ணாடி மருந்து, தின்னர், ஆல்கஹால் எதுவும் வேண்டாம். கீறும், இல்லாவிட்டால் நுண்ணிய வெடிப்பு விடும். இப்போது அக்ரிலிக் பாலிஷ் போட்டுப் போட்டு என் தோள்பட்டை கழன்றுவிட்டது, கீறல் பாதிதான் போயிருக்கிறது.

முன் கண்ணாடி நிஜக் கண்ணாடி, அதற்கு வினிகர் போதாவிட்டால் ஈரத்தோடு நாலு சைபர் (0000, ரொம்ப மெல்லிய) ஸ்டீல் உல் போடலாம், அதற்கும் போகாவிட்டால் கண்ணாடிக்கு மெருகேற்றுகிற சீரியம் ஆக்சைடு பசை.

[காட்சி: மாமா தோங்கை உருட்டி வருகிறார். வானம் இருட்டுகிறது.]

மாமா இனிமேல் கிணற்றுத் தண்ணீரில் ஷாம்பு மட்டும்தான் போடுவாராம், கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர், காய்வதற்குள் துணி. கூரை ஓரத்தில் நான்கு தோங் வரிசையாக நிற்கிறது. உங்கள் ஜன்னல் டிங்கா டொக்கா, கீழே எழுதுங்கள். தங்கச்சி, கேமராவை உள்ளே கொண்டு போ, தூறல் விழுகிறது. ஐயோ, ஜன்னலை யார் திறந்து வைத்தது?